கூகைப் பெட்டியும் உரக்குழியும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 60-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் பெயரில் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல் இருக்கும். தோட்டம் என்பது அதன் பொருள். லாபு, லிங்கி, ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் பால்மரம் (ரப்பர்) வெட்ட வந்த தமிழர்களின் பிள்ளைகளுக்காகத் தோன்றிய பள்ளிகள் இவை. 7 முதல் 14 வயது வரையுள்ள 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது.

எழுத்துப் பாடம் கொட்டகையில் நடந்தது. மண்ணைப் பற்றிய பாடம் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் பின்புறத்தில் நடந்தது. முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மரவள்ளி அங்கே வளர்ந்தன. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் போனது. சாணம் கீரைப் பாத்திக்கு எருவானது. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி வரத்து குறைந்தபோது குடும்பங்களின் பசியைத் தாங்கியது மரவள்ளிக் கிழங்குதான். யாரும் ஏட்டில் எழுதாத இந்தச் சிக்கனமே தோட்டத்துப் பிள்ளைகள் பெற்ற முதல் சூழல் கல்வி.

பின்னர் பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. ஒரே பயிர் மைல்கணக்கில் நிற்கும் நிலத்தில் காட்டின் பல்லுயிர் வளம் இருக்காது. மாணவர்கள் முதலில் அறிய வேண்டிய உண்மை இது. ஆனாலும் அந்த நிலத்திலும் கற்க நிறைய உண்டு. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளைப் பிடிக்க, கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றுகிறார்கள். பெட்டிக்கு அடியில் கிடக்கும் கருத்த உருண்டை ஒன்றை நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் எலியின் மண்டையோடும் மெல்லிய விலா எலும்புகளும் வெளிப்படும். கூகை செரிக்காமல் கக்கியவை அவை. உணவுச் சங்கிலி என்ற பாடம் அங்கே உள்ளங்கையில் வந்து அமர்கிறது.

மரங்களுக்கு இடையே படரும் முக்குனா என்ற மூடுகொடி நம் பூனைக்காலியின் இனம். இந்தியாவிலிருந்து மலேசியாவுக்கு வந்தது. அதன் வேரைத் தோண்டினால் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அதில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை உரமாக்கிக் கொண்டிருக்கின்றன என்று பொருள். பூச்சிக்கும் இங்கே வேலை உண்டு. முன்பு தொழிலாளர்கள் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவினார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது.

ஏறத்தாழ 25 ஆண்டுகளில் செம்பனை முதிர்ந்துவிடும். முதிர்ந்த மரங்களை வெட்டி எரிப்பதே பழைய வழக்கம். இப்போது தண்டைத் துண்டாக்கி வரிசையாகக் குவித்து மண்ணிலேயே மக்க விடுகிறார்கள். 1997-இல் வானை மறைத்த புகைமூட்டத்துக்குப் பின், திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கும் சட்டம் கடுமையாக்கப்பட்டது. வீட்டுக்குப் பின்னால் குப்பையைக் கொளுத்துவது ஏன் தவறு என்று ஒரு பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பள்ளிக்குள் இக்கல்விக்கு ஓர் அமைப்பும் உண்டு. மலேசியத் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் சுற்றுச்சூழல் நிலைத்தன்மை எல்லாப் பாடங்களிலும் ஊடாடும் கூறு. சுற்றுச்சூழல் துறையும் கல்வி அமைச்சும் நடத்தும் ‘செக்கோலா லெஸ்தாரி’ விருதுத் திட்டம் நிர்வாகம், பாடம், புறப்பாடம், பசுமையாக்கம் என்ற நான்கையும் சேர்த்து மதிப்பிடுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தேசிய பசுமைப் படைக்கு நெருங்கிய முயற்சி இது. 2015 செப்டம்பர் 1 முதல் நெகிரி செம்பிலான் உட்படச் சில மாநிலங்களில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயமானது. நீலத் தொட்டி தாளுக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு நெகிழிக்கும் உலோகத்துக்கும். பள்ளியில் நிறம் பழகிய பிள்ளை வீட்டில் பெற்றோருக்கு ஆசிரியராகிறது.

எஞ்சிய ஈரக் குப்பைக்கு உரக்குழி போதும். அடியில் காய்ந்த இலை, மேலே சிற்றுண்டிச்சாலையின் காய்த் தோலும் பழத் தோலும், அதன்மேல் மீண்டும் இலை. வாரம் ஒருமுறை கிளற வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது. இன்னும் இலை போட வேண்டும். கை வைக்கும்போது சூடு தெரிந்தால் வேலை நடக்கிறது. சில மாதங்களில் மழை மண்ணின் வாசத்தோடு கருத்த உரம் கிடைக்கும். அது வெண்டைப் பாத்திக்குப் போகும். வெண்டைக்காய் வீட்டுக்குப் போகும்.

நீலாய், சிரம்பான் 2 போன்ற நகரங்கள் தோட்ட நிலங்களில் எழுந்தவை. தோட்டம் மறைந்தபின் நகரத்துக்கு இடம்பெயர்ந்த பள்ளிகளுக்குத் தோட்டம் பெயரில் மட்டுமே மிச்சம். தோட்டத்திலேயே நிற்கும் பள்ளிகளில் பல, 150-க்கும் குறைவான மாணவர்களோடு இயங்குகின்றன. முன்னவற்றில் பாத்தியும் உரக்குழியும் வளாகத்துக்குள்ளேயே அமைய வேண்டும். பின்னவற்றுக்கு வேலியைத் தாண்டினால் ஆய்வுக்கூடம் காத்திருக்கிறது. பாட்டனும் பாட்டியும் பால்மரம் வெட்டிய மண் எது, அதில் இன்று என்ன இருக்கிறது என்ற கேள்வி இரு வகைப் பள்ளிகளின் பாடத்திலும் இடம்பெற வேண்டும்.