நேத்து எங்க விட்டேன்?

சனிக்கிழமை சாயங்காலமானால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில் ஒரு மந்திரவாதி, இரண்டு வாள்வீரர்கள், ஒரு திருடி ஆக நாலு பேர் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். என் பேரனின் காலேஜ் சிநேகிதர்கள். துவாக்குடி பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்கள், சண்டை போடுவதற்கு.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பேர் உருவாக்கி வெளியிட்டது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அதில் பாத்திரங்கள். 'எதிரே பூட்டிய கதவு. உள்ளே உறுமல் சத்தம். என்ன செய்கிறீர்கள்?' என்று அவர் கேட்பார். 'உடைக்கிறேன்', 'பூட்டைத் திறந்து பார்க்கிறேன்', 'ஓடிப் போகிறேன்' என்று இவர்கள் சொல்வார்கள். சொன்னது பலித்ததா என்பதை இருபது முகம் உள்ள ஒரு தாயக்கட்டை முடிவு செய்யும். கதை சொல்பவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். நான் பாதாள வாத்தியார் என்று மொழிபெயர்த்திருக்கிறேன். கதை ஒரு நாளில் முடியாது. வாராவாரம், மாசக்கணக்கில், ஆட்கள் விடாப்பிடியாக இருந்தால் வருஷக்கணக்கில்கூடப் போகும்.

என் பேரன்தான் பாதாள வாத்தியார். நாலாவது வாரம் எல்லோரும் போனபிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"மோதிரத்தைத் தூக்கி ஆத்துல போட்டுட்டாங்க தாத்தா."

முதல் வாரமே ஒரு பழைய மோதிரத்தை அவர்கள் கையில் கிடைக்கும்படி செய்திருந்தானாம். இருபதாவது வாரம் பாதாள அரசன் வரும்போதுதான் அது யாருடைய மோதிரம் என்று தெரிய வேண்டும். திருடிக்கு அது சாபம் பிடித்தது என்று சந்தேகம் வந்து, படகில் போகும்போது நதியில் எறிந்துவிட்டாள். அதற்கு முந்தின வாரம் ரகசிய வரைபடத்தை ஒரு வியாபாரியிடம் பன்னிரண்டு வெள்ளிக்காசுக்கு விற்றுவிட்டார்கள். நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்த திட்டம் போச்சு.

"பின்னால வரப்போறதுக்கு முன்னாடியே க்ளூ வைக்கணும். அப்பதான் வரும்போது 'அட!'ன்னு இருக்கும். நீதான் அந்தக் காலத்துல கதையெல்லாம் எழுதுவியே, எப்படி வெப்பே?"

அந்தக் காலத்தில் நான் எழுதிய கதைகள் மொத்தம் ஐந்து. இரண்டுதான் பிரசுரமாயின. ஆனாலும் பேரன் கேட்கும்போது தாத்தாவுக்குத் தெரியாமல் இருக்கலாமா? ஆரம்பித்தேன்.

முதல் அங்கத்தில் சுவரில் துப்பாக்கியை மாட்டினால் அது பிறகு வெடித்தாக வேண்டும் என்று செகாவ் சொன்னதைச் சொன்னேன். "இவங்க அதைக் கழட்டி வித்துருவாங்க தாத்தா" என்றான். நியாயம்.

அடுத்து கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்தது. ஆரம்ப அத்தியாயங்களிலேயே வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் ராத்திரி தங்கி சதியாலோசனையைக் கேட்டுவிடுகிறான். அப்போது நமக்கு அது ஒரு சாப்பாடு, ஒரு கூத்து, ஒரு ஒட்டுக்கேட்டல். அவ்வளவுதான். வருஷக்கணக்கில் கழித்து அதே கடம்பூர் மாளிகையில்தான் ஆதித்த கரிகாலன் சாகிறான். வாரம் தவறாமல் கத்தரித்து பைண்டு பண்ணி வைத்திருந்த எங்கள் அம்மா, அந்த இடம் வந்ததும் முதல் வால்யூமை மறுபடி எடுத்துப் புரட்டினாளாம்.

"ஆனா கல்கிக்கு முடிவு தெரியும்டா" என்றேன். கரிகாலன் கொலையுண்டது சரித்திரம். கொன்றவர்களின் பெயர்கள் உடையார்குடி கல்வெட்டிலேயே இருக்கின்றன. முடிவு கல்லில் எழுதியிருக்கும்போது அதை நோக்கிப் பாதை போடலாம். பாதாள வாத்தியாருக்கு அந்த வசதி கிடையாது. அவன் கதையில் நாலு பேரும் ஒரு தாயக்கட்டையும் சேர்ந்துதான் முடிவை எழுதுகிறார்கள்.

மறுநாள் கோயிலுக்குப் போனபோது தாயார் சன்னதிக்கு எதிரே கம்பர் மண்டபத்தைக் காட்டினேன். ராமாயணத்தைக் கம்பர் அரங்கேற்றிய இடம் என்பது ஐதீகம். யுத்த காண்டத்தில் விபீஷணன் அண்ணனுக்கு இரணியன் கதையைச் சொல்கிறான். வால்மீகியில் இது கிடையாது. கம்பர் சேர்த்தது. மனிதனால் சாவில்லை, மிருகத்தால் சாவில்லை, பகலில் இல்லை, இரவில் இல்லை என்று வரிசையாக வரம் வாங்கின ஒருத்தன், வரிசையில் விட்டுப்போன ஒன்றால் செத்தான். கேட்டுக்கொண்டிருக்கிற ராவணனும் அப்படித்தான், தேவர் அசுரர் என்று பட்டியல் போட்டு மனிதர்களை அலட்சியமாக விட்டவன். கதை முடிவதற்கு முன்னாலேயே அவன் முடிவை அவன் முகத்துக்கு நேரே சொல்லியாகிவிட்டது. அவனுக்கு உறைக்கவில்லை.

"அதே விபீஷணன் கதையைத்தான் இங்க எல்லாருக்கும் தெரியுமே" என்றான் பேரன். தெரியும். ரங்க விமானத்தைக் காவிரிக் கரையில் ஒரு சின்னப் பையனிடம் பிடித்துக்கொள்ளக் கொடுத்து, அவன் கீழே வைத்துவிட, எடுக்க முடியாமல் போய், துரத்திக்கொண்டு மலைக்கோட்டை உச்சி வரை ஏறித் தலையில் குட்டினார். பார்த்தால் பிள்ளையார். அண்ணனுக்கு வரப்போவதை அவ்வளவு தெளிவாகச் சொன்னவருக்கு, தன் எதிரே நிற்கிற பையன் யாரென்று தெரியவில்லை.

இந்த விபீஷணன் சமாசாரத்தை நான் சும்மா சொல்லவில்லை. பாட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

1958 வாக்கில் சித்திரை வீதியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கோடை ராத்திரிகளில் பாட்டி எங்களுக்குக் கையில் சாதம் போடுவாள். நான், தங்கை, அத்தை பிள்ளைகள் இரண்டு பேர். உள்ளங்கையில் உருண்டை, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, அதில் குழம்பு. தெற்கே பார்த்தால் மொட்டைக் கோபுரம் இருட்டாக நிற்கும். அதற்கும் அப்பால், காவிரிக்கு அந்தக் கரையில், மலைக்கோட்டை விளக்கு. பாட்டியின் கதை அந்த மொட்டைக் கோபுரத்தைப் பற்றியது. அதைக் கட்ட ஆரம்பித்த ராஜா பாதியில் சண்டைக்குப் போய்விட்டார். திரும்பி வரும்வரை கற்களைக் காவல் காக்க ஒரு பையனை வைத்துவிட்டுப் போனார். பையனுக்குத் துணை ஒரு நொண்டிக் குதிரை, ஒரு கண்ணில்லாத காவல்காரன். கிணற்றில் ஒரு சாவி. கோடை முழுவதும் ஓடும். அடுத்த கோடையிலும் தொடரும்.

தினமும் முதல் உருண்டையைக் கொடுத்ததும் பாட்டி கேட்பாள்: "நேத்து எங்க விட்டேன்?"

நான் "குதிரை" என்பேன். தங்கை "சாவி" என்பாள். அத்தை பிள்ளைக்கு எப்போதும் கண்ணில்லாத காவல்காரன்தான். பாட்டி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஆரம்பிப்பாள். போன வருஷம் கிணற்றில் விழுந்த சாவி, இந்த வருஷம் குதிரையின் லாடத்துக்குள்ளிருந்து வரும். நாங்கள் வாயைப் பிளப்போம். எல்லாவற்றையும் பாட்டி அப்போதே யோசித்து வைத்திருந்தாள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நானே என் பிள்ளைக்குக் கதை சொல்ல ஆரம்பித்தபோதுதான் சூட்சுமம் புரிந்தது. பாட்டி எதையும் யோசித்து வைக்கவில்லை. போகிற போக்கில் பத்து சாமான்களை இறைப்பாள். மறுநாள் கேள்வி கேட்டு, எது எங்கள் மனசில் தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்வாள். தங்கினதை மட்டும் எடுத்து வளர்ப்பாள். மீதி ஏழு சாமான் போனது எங்களுக்குத் தெரியவே தெரியாது. முன்குறிப்பு என்பது சொல்கிறவரின் தீர்க்கதரிசனம் இல்லை. கேட்கிறவரின் ஞாபகம்.

இதைப் பேரனிடம் சொன்னேன். இன்னும் சில்லறையாகச் சில. வைக்கிற பொருளுக்கு இப்போதே ஒரு உபயோகம் இருக்கட்டும், இல்லாவிட்டால் அது க்ளூ என்று முழித்துக்கொண்டு நிற்கும். ஒரு ரகசியத்துக்கு ஒரே வழி வைக்காதே, மூன்று வை, இரண்டை அவர்கள் விற்றாலும் ஒன்று மிஞ்சும். நடக்கப்போகிறதை வைக்காதே, ஆட்களையும் பொருட்களையும் வை, அவை எங்கே வேண்டுமானாலும் நடந்து வரும். தவறாமல் நோட்டில் எழுதி வை.

அடுத்த சனிக்கிழமை அவன் ஆட்டத்தை ஆரம்பிக்கவில்லை. "போன வாரம் எங்க விட்டோம்?" என்றான். மந்திரவாதி ஏதோ கோட்டை என்றான். திருடி மட்டும், "அந்தப் படகுக்காரக் கிழவர், காசு வேண்டாம்னு சொன்னாரே, ஏன் அப்படிச் சொன்னார்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். படகுக்காரரைப் பேரன் சும்மா நதியைக் கடக்க வைத்திருந்தான். நோட்டில் அவருக்குப் பெயர்கூட இல்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் படகுக்காரர் கதவைத் தட்டினார். வலையில் வந்த மோதிரத்தை இடுப்பிலிருந்து எடுத்தார். அவர்தான் பாதாள அரசனின் தம்பி. ஹாலில் ஒரே கூச்சல். "டேய், முதல் வாரமே இதை யோசிச்சு வெச்சியா!" என்று ஒரு வாள்வீரன் அவன் முதுகில் அறைந்தான். பேரன் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

1961 கோடையில் பாட்டி வழக்கம்போல் "நேத்து எங்க விட்டேன்?" என்றாள். சொன்னோம். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு உருண்டை கொடுத்துவிட்டு மறுபடியும் "நேத்து எங்க விட்டேன்?" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "பாட்டி விளையாடறா" என்றாள் தங்கை. பாட்டியும் சிரித்தாள். அந்தக் கேள்வி எங்களுக்கு அவ்வளவு பழக்கம். அது மாறிவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கோடை முழுக்கக் கேட்டாள். அடுத்த வருஷம் நான் யாருடைய பிள்ளை என்று என்னையே கேட்டாள். 1963 மார்கழியில் போய்விட்டாள். கதை முடியவில்லை. ராஜா வந்தாரா என்று கடைசியாகக் கேட்டபோது, "வருவார்டா, என்ன அவசரம்?" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மூன்று வருஷத்து முன்குறிப்புகள் எங்கள் உள்ளங்கையில் விழுந்துகொண்டே இருந்தன. நாங்கள் சாதத்தைச் சாப்பிட்டோம்.

1987 மார்ச்சில், நானூறு வருஷம் போலப் பாதியில் நின்ற அந்தக் கோபுரத்தை 13 நிலை, 236 அடி என்று கட்டி முடித்து கும்பாபிஷேகம் நடந்தது. அஹோபில மடம் 44-வது ஜீயர் முன்னின்று முடித்த காரியம். கூட்டத்தில் நானும் தங்கையும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றோம். தங்கை என் காதருகில், "ராஜா வந்துட்டார்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேராலும் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. பாட்டி அதை யோசித்து வைத்துச் சொல்லவில்லை. அது எங்கள் ஞாபகத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே பேரனிடம், "அந்தப் படகுக்காரர் இப்ப எங்கே?" என்று கேட்டேன். பாதாள அரசன் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டானாம். விவரமாகச் சொன்னான். பேப்பரைப் புரட்டினேன். கிரிக்கெட் பக்கம் முடிந்ததும், "ஆமா, அந்தப் படகுக்காரர் இப்ப எங்கே?" என்றேன்.

பேரன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இப்பதானே தாத்தா சொன்னேன்?"

"தெரியும்டா. உனக்கு ஞாபகம் இருக்கான்னு பார்த்தேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அடுத்த சாகசத்துக்கான குறிப்பாக இருக்கலாம்.

அன்று ராத்திரி வந்து சொன்னான், தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் புதன்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறானாம். சும்மா ஒரு செக்கப்தானாம். அவனும் கூட வருகிறானாம். கிளாஸ் இல்லையாம்.

புதன்கிழமை அவனுக்குக் கிளாஸ் உண்டு. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.