நோட்டில் இருந்த கப்பல்

நீலகிரி வெலிங்டனில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாகப்பட்டினத்துக்காரர். கடற்படையில் ஓய்வுபெற்று, மகளோடு இருக்கலாம் என்று இந்தக் குளிருக்கு வந்துவிட்டார். அறுபதுகளின் பிற்பகுதியில் சோவியத் கப்பல்கள் நம் கடற்படைக்கு வரத் தொடங்கின. முதல் நீர்மூழ்கியான கல்வரி 1967 டிசம்பர் 8 அன்று ரிகா துறைமுகத்தில் படையில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் பயிற்சிக்காக விளாடிவஸ்தோக் போன நம் ஆட்கள் முதலில் ரஷ்ய மொழி படிக்க வேண்டியிருந்தது.

அப்படிப் போனவர்களில் இவரும் ஒருவர். அங்கே எழுதிய நோட்டு இன்னும் அவரிடம் இருக்கிறது. மை மங்கிவிட்டது. இடப்பக்கம் தமிழ் எழுத்தில் ரஷ்யச் சொல். வலப்பக்கம் அவர் அப்பாவின் தோணியில் புழங்கிய சொல். யாகர் – நங்கூரம். ரூல் – சுக்கான். மாச்தா – பாய்மரம். நோஸ் – அணியம், அதாவது முன்பக்கம். கர்மா – அமரம், பின்பக்கம்.

“இதுல பல சொல்லு ரஷ்யக்காரனோடதே இல்லைன்னு எங்க வாத்தியாரே சொன்னார் தம்பி. அப்போ யாரோடது?” என்று கேட்டார். அதைத் தேடித்தான் அகராதிகளுக்குள் இறங்கினேன்.

ரூல், மாலுமியைக் குறிக்கும் மத்ரோஸ், வழிகாட்டும் அதிகாரியான ஷ்தூர்மன் எல்லாம் டச்சுச் சொற்கள். 1697இல் ஜார் பீட்டர் பெயரை மறைத்துக்கொண்டு ஹாலந்து போய், ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பட்டறையில் தச்சு வேலை பார்த்தார். ஆட்களையும் கருவிகளையும் திரட்டி ரஷ்யாவுக்குக் கொண்டுபோனபோது சொற்களும் கூடவே போயின. அதே கம்பெனிக்கு அந்த வருஷம் சோழமண்டலக் கரையில் தலைமையிடம் எது தெரியுமா? நாகப்பட்டினம். 1690இல் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றியிருந்தார்கள். இதைச் சொன்னதும் பெரியவர், “நம்ம ஊரா? நம்ம ஊரா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நம் பக்கச் சொற்களும் தனித்து நிற்கவில்லை. சுக்கான் அரபு. மாலுமியும் அரபுதான், ஆசிரியர் என்று பொருள்படும் முஅல்லிமிலிருந்து வந்தது. நங்கூரம் பாரசீகம். இதில் நமக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். அரபு வணிகரோடு ஒரே கடலில் ஓடியவர்கள் அவர்களிடம் வாங்கினார்கள், கொடுக்கவும் செய்தார்கள். மலாய்க்காரர் இன்றும் கப்பலைக் ‘கப்பால்’ என்கிறார்கள்.

கட்டுமரம் இன்னும் தூரம் போயிற்று. பீட்டர் உளி பிடித்த அதே 1697இல் லண்டனில் கடலோடி வில்லியம் டாம்பியரின் பயண நூல் வெளிவந்தது. சோழமண்டலக் கரைக் கட்டுமரங்களை அவர் அதில் விவரித்திருக்கிறார். ஐரோப்பிய மொழிகள் வழியே அந்தச் சொல் ரஷ்யாவையும் எட்டியது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை, போன இடத்தில் இரட்டை உடல் படகாகிவிட்டது. ரஷ்யப் பூங்கா ஏரிகளில் காலால் மிதித்து ஓட்டும் படகுக்கும் ‘கத்தமரான்’ என்றுதான் பெயர். ஊட்டி ஏரியில் சுற்றுலாக் குடும்பங்கள் மிதித்துப் போகும் படகைப் பார்த்தால் ஒரு ரஷ்யர் நம் மீனவரின் சொல்லைத்தான் சொல்வார்.

நம் கரையிலோ கட்டுமரம் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அணியம், அமரம் என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளைக் கடலோர ஊர்களிலேயே பார்த்தேன். உங்கள் வீட்டில் தோணியிலோ கப்பலிலோ வேலை பார்த்த பெரியவர் இருந்தால், அவர் வாயிலிருந்தே இந்தச் சொற்களைக் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.