பாலைவனத்துல ஒரு கிடார்

உலக மேப்பை விரிங்க. ஹெட்போன் பக்கத்துல இருக்கட்டும். விசா, டிக்கெட் எதுவும் வேணாம், இந்த வாரம் நாம போறது மாலி. மேற்கு ஆப்பிரிக்காவுல, சிறகு விரிச்ச பட்டாம்பூச்சி மாதிரி ஒரு நாடு தெரியுதா? அதேதான். கடற்கரையே கிடையாது. மேல் சிறகு முழுக்க சஹாரா.

அங்கே ஓடுற நைஜர் நதி ஒரு விசித்திரப் பிறவி. கினி நாட்டு மலையில பிறக்குது. அங்கிருந்து அட்லாண்டிக் கடல் 250 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனா அந்தப் பக்கமே திரும்பாம, வடகிழக்கே பாலைவனத்தைப் பார்த்து நடையைக் கட்டி, டிம்பக்டு தாண்டி வளைஞ்சு, நைஜீரியா வழியா கடல்ல சேருது. மொத்தம் சுமார் 4,180 கி.மீ. தலைநகர் பமாகோவுல இருந்து இந்த ஆத்தோடயே போனா, டிம்பக்டுவுக்கு முன்னாடி நியாஃபுங்கேன்னு ஒரு சின்ன ஊர். ப்ளூஸ் பிடிச்சவங்க இங்கே இறங்கியே ஆகணும்.

இது அலி ஃபர்கா டூரேயோட ஊர். அமெரிக்க ப்ளூஸ் ஜாம்பவான் ஜான் லீ ஹூக்கரை முதன்முதலா கேட்டப்ப, 'அட, இது நம்ம ஊர் பாட்டாச்சே'ன்னு நினைச்சாராம் மனுஷர். அடிமைக் கப்பல்கள் இந்தப் பக்கத்து மக்களை அள்ளிக்கிட்டுப் போனதை நினைச்சா, அது வெறும் பெருமைப் பேச்சு இல்லைன்னு புரியும். கர்னாடக சங்கீதம் தெரிஞ்ச ஃப்ரெண்ட் இருந்தா கேட்டுப் பாருங்க: ப்ளூஸ் கிடாரிஸ்ட் முதல்ல பழகுற மைனர் பென்டடானிக் ஸ்கேலும் நம்ம சுத்த தன்யாசியும் அதே அஞ்சு ஸ்வரம்தான்!

1994-ல ரை கூடரோட சேர்ந்து இவர் போட்ட 'டாக்கிங் டிம்பக்டு' ஆல்பத்துக்கு கிராமி கிடைச்சது. வேற ஆளா இருந்தா பாரிஸ்ல வீடு வாங்கி செட்டிலாகியிருப்பார். இவரோ வயலை விட்டு வர மாட்டேன்னுட்டார். ரெக்கார்டிங் கருவிகள்தான் ஊர் தேடி வந்துச்சு, ஜெனரேட்டர் கரன்ட்ல பதிவு பண்ணி 1999-ல வந்த ஆல்பத்துக்குப் பேரே 'நியாஃபுங்கே'. 2004-ல அந்த ஊருக்கே மேயரானார். கைக்காசைப் போட்டு ரோடு, சாக்கடைன்னு வேலை பார்த்தார். 2006-ல இறந்துட்டார்.

இனி ஆத்தை விட்டுட்டு, மேப்புல வடகிழக்கு மூலைக்கு வாங்க. கிடால். துவாரெக் மக்களோட மண். 1960-களோட தொடக்கத்துல பிரான்ஸ் கிளம்பினப்ப அவங்க பாலைவனம் மாலி, நைஜர், அல்ஜீரியான்னு துண்டு துண்டா நாடுகளுக்குப் போயிடுச்சு. 1963-ல கலகம். மாலி ராணுவம் கொடூரமா அடக்கியது. அப்பா கொல்லப்பட்டதை நாலு வயசுல பார்த்தவர் இப்ராஹிம் அக் அல்ஹபிப். டின் டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் ஒயர் இவற்றை வெச்சு முதல் கிடாரை அவரே செஞ்சுக்கிட்டார். பிறகு லிபியாவுல கடாஃபி நடத்தின ராணுவ முகாம்ல அவருக்கும் நண்பர்களுக்கும் துப்பாக்கிப் பயிற்சி. சாயங்காலமானா கிடார். பாட்டு கேசட் கேசட்டா காப்பியாகி பாலைவனம் பூரா பரவியது. அந்த கோஷ்டிதான் டினாரிவென். பேருக்கு அர்த்தம், 'பாலைவனங்கள்'.

2011-ல நேட்டோ குண்டுகளோட உதவியில கடாஃபி கதை முடிஞ்சது. அவர் ஆயுதக் கிடங்குகள் யார் கையில போய்ச் சேரும்னு யாரும் கவலைப்பட்ட மாதிரி தெரியலை. வேலை போன துவாரெக் வீரர்கள் அதை அள்ளிக்கிட்டு மாலிக்குத் திரும்பினாங்க. அடுத்த வருஷத்தைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. 2012 ஜனவரி நடுவுல டிம்பக்டு பக்கத்துல பாலைவன இசை விழா, போனோகூட வந்திருந்தார். அது முடிஞ்ச சில நாள்லயே சண்டை. பிப்ரவரியில டினாரிவெனுக்கு கிராமி. ஏப்ரல்ல துவாரெக் போராளிகள் தனிநாடு அறிவிச்சாங்க. அவங்களையும் அடிச்சு விரட்டிட்டு மத அடிப்படைவாதக் குழுக்கள் உள்ளே வந்தன. ஆகஸ்ட்ல பாட்டுக்கே தடை! இசைக் கருவிகளைக் கொளுத்தினாங்க. செல்போன் ரிங்டோன்ல சினிமாப் பாட்டு, ராப் எதுவும் கேட்கக் கூடாது.

அந்தக் குழுக்கள்ல ஒண்ணான அன்சார் தீனோட தலைவர் இயாத் அக் காலி. 1990 துவாரெக் கலகத்துக்குத் தலைமை தாங்கினப்ப இவரே டினாரிவென்காரங்களோட பழகின இசைப்பிரியர். எனக்கு இந்த ஒரு விஷயம்தான் ஜீரணமாகவே மாட்டேங்குது. 2013 ஜனவரியில, கிடாரைக் காப்பாத்தப் போன டினாரிவென் உறுப்பினர் ஒருவரைப் பிடிச்சு வெச்சதும் இவரோட ஆட்கள்தான். நல்லவேளை, விட்டுட்டாங்க.

அதுக்கப்புறம் பிரெஞ்சுப் படை வந்தது, 2022-ல போனது. ஐ.நா. படை வந்தது, 2023-ல போனது. நடுவுல 2020, 2021-ன்னு ரெண்டு ராணுவப் புரட்சி வேற.

வடக்கிலிருந்து தப்பி பமாகோ வந்த பசங்க ஆரம்பிச்ச பேண்ட் சாங்ஹாய் ப்ளூஸ். 2015-ல வந்த முதல் ஆல்பம் 'மியூசிக் இன் எக்ஸைல்'. ராத்திரி விளக்கை அணைச்சுட்டு 'நியாஃபுங்கே'வுல ஆரம்பிங்க, அப்புறம் டினாரிவெனோட 'தசிலி', கடைசியா இவங்க. இவங்களுக்கு மட்டும் ஹெட்போனைக் கழட்டிட்டு வால்யூமை ஏத்துங்க. பக்கத்து ரூம்காரன் கதவைத் தட்டினா, அவனையும் உள்ளே கூப்பிட்டுக்கோங்க.