பெரியம்மைக்குப் பயந்த பாஞ்சோ வில்லா

நேத்து நைட் டூட்டி முடிஞ்சு வந்தும் தூக்கம் வரல. 1936ல் வந்த ஒரு மெக்சிகோ படத்தை மூணாவது தடவையா பார்த்தேன். ஸ்பானிஷ் மொழி, கறுப்பு வெள்ளை. பேரு 'வாமோனோஸ் கோன் பாஞ்சோ வில்லா'. 'பாஞ்சோ வில்லாவோட போவோம்'னு அர்த்தம். இயக்குநர் பெர்னாண்டோ தே புவெந்தெஸ்.

கதையை முழுசா சொல்லப் போறேன். படம் பார்க்கணும்னு நினைக்கிறவங்க இங்கேயே நிறுத்திக்கோங்க.

மெக்சிகோ புரட்சிக் காலம். சான் பாப்லோ கிராமத்திலிருந்து ஆறு நண்பர்கள் வில்லாவின் படையில் சேருகிறார்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள், சிலர் சண்டையில், ஒருவர் சாராயக் கடையில்.

அந்தக் கடைக் காட்சி பயங்கரம். ஒரே மேசையில் 13 பேர். ராசியில்லாத எண்ணாம். விளக்கை அணைச்சு, துப்பாக்கியை மேலே தூக்கிப் போடுறாங்க. குண்டு கோழையைத் தேடிப் போகுமாம். நம்ம ஆறு பேரில் ஒருத்தர் வயித்துல பாயுது. கோழைன்னு சொல்லிடக் கூடாதேன்னு அவரே தன்னைச் சுட்டுக்கறார். (அதே கடையில் பியானோ வாசிப்பவர் இந்தப் படத்தின் இசையமைப்பாளர் சில்வெஸ்த்ரே ரெவுவெல்தாஸ். 'பியானோக்காரரைச் சுடாதீர்கள்'னு ஒரு அட்டை வேற.)

கடைசியில் மிஞ்சுவது இருவர். மூத்தவர் திபுர்சியோ. இளையவன் பெசெரியோ, அவருக்கு மகன் மாதிரி. பையனுக்குப் பெரியம்மை. கொன்று, உடைமைகளோடு சேர்த்து எரிக்கச் சொல்லி திபுர்சியோவுக்கே உத்தரவு வருகிறது. செய்கிறார்.

அப்புறம் வில்லா வருகிறார். பெரியம்மை என்றதும் பின்வாங்குகிறார். கிட்டே வராதே, எங்களோடு வராதே என்கிறார். அத்தனை குண்டுகளுக்கு அஞ்சாத ஆள். திபுர்சியோ இருட்டில் தண்டவாளத்தோடு நடந்து போகிறார். படம் முடிகிறது.

வில்லாவின் பயம் தப்பா? மருத்துவப்படி முழுக்கத் தப்புன்னு சொல்ல மாட்டேன். பெரியம்மையின் கொடிய வகையில் பத்தில் மூணு பேர் இறந்தாங்க. அப்போ மருந்து கிடையாது. துணிமணி வழியாவும் பரவும்.

ஆனா தொற்றியவருக்குக் காய்ச்சல் வர பெரும்பாலும் 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரைக்கும் அவரிடமிருந்து பரவாது. தொற்றின 3, 4 நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கலாம், இல்லேன்னா கடுமையையாவது குறைக்கலாம். அந்தத் தடுப்பூசி 1804லேயே பால்மிஸ் குழு மூலமா மெக்சிகோவுக்கு வந்தாச்சு. (நோய் அங்கே ஒழிய 1951 ஆச்சு, அது வேற கதை.) துணியை மாத்தி, ஊசி போட்டு, மூணு வாரம் தனியா வெச்சிருந்து கவனிச்சிருந்தால் போதும்.

நிஜ வில்லாவிடம் வசதியும் இருந்தது. அறுவை மேசைகளோடு 40 பெட்டி மருத்துவமனை ரயில் ஓடியதா, கூடவே பயணம் செய்த ஜான் ரீட் எழுதியிருக்கார். திரையில் அந்த மனுஷன் ஒரு கிழவனுக்கு ஒரு பெட்டி கூடத் தரல. தனிமைப்படுத்துறது வேற, கைவிடுறது வேற. வெளியிலிருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி கம்மி. 2020, கொரோனா வார்டு. துப்புரவு வேலை பார்த்த ஒரு அக்கா. யாரும் தொடத் தயங்கிய நோயாளிகளை நான் சொன்னேன்னு துடைச்சு, துணி மாத்தி விட்டவங்க. ஒரு ராத்திரி கவச உடையைக் கழட்டிட்டு வெளியே வந்து நிக்கறேன். எதிரே வந்து, "சார், உடம்பு கொதிக்குது" என்றார். நான் ரெண்டடி பின்னால் போய், "அங்கேயே நில்லுங்க, வராதீங்க"ன்னு கத்திட்டேன்.

விதிமுறைப்படி சரிதான். பரிசோதனைக்கு அனுப்பினேன், பாசிட்டிவ். ஆனா எங்கே தங்குவீங்க, வீட்டுல யாரு இருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்கல. நர்ஸ் சிஸ்டர்தான் படுக்கை பிடிச்சுக் கொடுத்தாங்க.

பதினேழு நாள் கழிச்சு வேலைக்குத் திரும்பினார். எனக்கு டீ கொண்டு வந்தார். கையில் கொடுக்கல. மேசை ஓரத்துல வெச்சுட்டு, ரெண்டடி தள்ளி நின்னு, "ஆறிடும் சார், குடிங்க" என்றார்.