எங்கள் முற்றத்து இரயில்

ஓய்வு நேரத்தைக் கழிக்க மனிதர் கண்ட வழிகள் எத்தனையோ. தபால்தலை சேர்ப்பார் சிலர்; பூச்செடி வளர்ப்பார் சிலர்; சங்கும் சிப்பியும் பொறுக்கிச் சேர்ப்பார் எங்கள் கடற்கரையில் பலர். எங்கள் வீட்டிலோ முற்றத்தில் இரயில் ஓடுகிறது! தோழியரே, சிரிக்க வேண்டாம். இனயத்தில் தண்டவாளம் ஏது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உண்மையான இரயிலைப் பார்க்க வேண்டுமானால் நாம் குழித்துறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் நான் சொல்ல வந்தது, இரண்டு தென்னைகளையும் ஒரு பூவரசையும் சுற்றி மணலில் ஓடும் சிறிய இரயிலைப் பற்றி. அதனோடு சேர்ந்து, நான் செய்த ஒரு பெரிய தவற்றைப் பற்றியும்.

அந்த இரயிலைச் செய்தவர் என் அம்மாவின் தந்தை. நாங்கள் அவரைப் பாட்டா என்று அழைக்கிறோம். 1979ஆம் ஆண்டு திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு முதன்முதலாக இரயில் ஓடியபோது பாட்டாவுக்கு வயது இருபத்திரண்டு. வள்ளத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், அன்று வலையைப் போட்டுவிட்டுக் குழித்துறைக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்று அந்த வண்டியைப் பார்த்தாராம். “அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் மக்களே” என்பார். பிறகு திருச்சியை அடுத்த பொன்மலை இரயில்வே பட்டறையில் வேலை கிடைத்தது. 2017இல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். கையும் காலும் சும்மா இருக்கவில்லை. ஆகவே முற்றத்தில் ஒரு பாதை போடத் தொடங்கினார்.

வீட்டுத் தோட்டத்தில் இரயில் ஓட்டுவது பாட்டா கண்டுபிடித்த விந்தையன்று. இங்கிலாந்தில் ஆர்தர் ஹேவுட் என்ற செல்வந்தர் 1874ஆம் ஆண்டிலேயே தம் வீட்டு வளாகத்தில் பதினைந்து அங்குல அகலத்தில் தண்டவாளம் அமைத்து, ஆட்கள் ஏறிச் செல்லக்கூடிய வண்டியை ஓட்டினார். ஜெர்மனியில் தகரப் பொம்மைகள் செய்து பெயர் பெற்ற லேமன் நிறுவனம், மழையிலும் வெயிலிலும் வெளியே கிடந்தாலும் கெடாத பெரிய மாதிரி இரயிலை 1968இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. “லேமனின் பெரிய இரயில்” என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அதற்கு எல்.ஜி.பி. என்று பெயர். அதன் பின்னரே பல நாடுகளில் இது தோட்டக் கலையோடு சேர்ந்த பொழுதுபோக்காகப் பரவியது. நம் நாட்டில் புனே நகரில் ஜோஷி என்பவர் உழைத்து உருவாக்கிய சிற்றிரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. அது கூரைக்குள் ஓடுவது. தோட்டத்து இரயிலோ வானத்துக்குக் கீழே ஓடுவது. அதுதான் அதன் அழகு. அதுதான் அதன் தொல்லையும்.

பாட்டா தேர்ந்தெடுத்தது நீலகிரி மலை இரயில். அந்த எஞ்சின்கள் பழுது பார்ப்பதற்குப் பொன்மலைக்குத்தான் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் திறக்கப்பட்ட பாதை அது. யுனெஸ்கோ 2005இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தான இடங்கள் உண்டு. அங்கே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் பதித்த இரும்புச் சட்டம் கிடக்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். மேலே போகும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளும். எந்தப் பெட்டியும் கழன்று கீழே உருண்டுவிடாமல் தாங்கிக்கொள்ள வேண்டும் அல்லவா?

அந்தப் பாதையின் அகலம் ஒரு மீட்டர். எல்லா அளவையும் இருபத்திரண்டரையால் வகுத்துச் சிறிதாக்கினால் அகலம் நாற்பத்து நான்கரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். உலகெங்கும் தோட்டத்து இரயில்காரர்கள் வைத்திருக்கும் அகலம் 45 மில்லிமீட்டர். இந்தக் கணக்கைப் பாட்டா எனக்குத் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினார். 46 கிலோமீட்டர் நீலகிரிப் பாதையை முழுவதும் இந்த அளவில் செய்தால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகும். எங்கள் முற்றத்தில் கிடைத்ததோ இருபது மீட்டர்தான். விகித சமத்தை நான் வகுப்பறையில் படிக்குமுன்பே முற்றத்தில் படித்துவிட்டேன் என்றால் மிகையாகாது.

வெளிநாட்டுத் தண்டவாளம் வாங்க எங்களிடம் பணம் இல்லை. உடைந்துபோன பழைய வள்ளத்தின் அயனிப் பலகையை அறுத்துப் பாட்டா சிலிப்பர் கட்டைகள் செய்தார். அவற்றில் ஹாக்சா பிளேடால் பள்ளம் வெட்டி அலுமினியப் பட்டைகளைச் செருகினார். இரும்பு எங்கள் கடற்காற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. இரண்டு மீட்டர்ப் பட்டைகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டார். “இது எதுக்கு பாட்டா?” என்று கேட்டேன். “வெயில்ல அலுமினியம் நீளும். இடம் குடுக்கலேன்னா பாதை வளைஞ்சு எழும்பீரும்” என்றார். எஞ்சினைப் பித்தளைத் தகட்டால் செய்தார். சக்கரங்களை மார்த்தாண்டத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார். மின்சாரம் தண்டவாளத்தில் வராது. எஞ்சினுக்குள்ளேயே மின்கலம் உண்டு. பிஸ்கட் டின்கள் நீலமும் வெள்ளையுமாகச் சாயம் பூசிய பெட்டிகளாயின. பாதையோரம் பத்துமணிப் பூச்செடி நட்டார். அதற்கு மணலும் வெயிலும் போதும். அந்தச் செடி எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு மரம்போல நிற்கும்.

எஞ்சின் ஒன்றரை அடி நீளம்தான். அதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. உண்மையான மலை இரயிலின் வேகத்தையும் அதே கணக்கில் குறைத்து ஓட்ட வேண்டும் என்பது பாட்டாவின் பிடிவாதம். இருபது மீட்டரைச் சுற்றி வர இரண்டரை நிமிடம் ஆகும். “வேகமா விடுங்க பாட்டா” என்று தம்பி குதிப்பான். “வேகமாப் போனா அது பொம்மை, மெதுவாப் போனாத்தான் இரயில்” என்பார்.

தினந்தோறும் வேலை இருக்கும். இரவில் நண்டுகள் கட்டைக்கு அடியில் வளை தோண்டும். காலையில் பாதை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கோழி வந்து தண்டவாளத்தில் படுக்கும். தென்னை மட்டை விழும். பாட்டா வளை அடைத்து, மட்டம் பார்த்து, துடைத்த பிறகே வண்டி புறப்படும். நானும் கூடவே இருந்து அந்த வேலைகளைக் கற்றேன். “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ரயில் வேலை?” என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டபோது, “வீட்டுக் கணக்கு மட்டம் பாக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு எல்லா வேலையும் தெரியும்” என்று பாட்டா சொல்லிவிட்டார்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆண்டு அது. பாட்டாவின் கைகள் சிறிது சிறிதாக நடுங்கத் தொடங்கியிருந்தன. ஆனி மாதத்தில் அம்மா அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஐந்து நாள் தங்க வேண்டியதாயிற்று. அப்பாவும் ஊரில் இல்லை. புறப்படும்போது பாட்டா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “மக்களே, கடல் சத்தம் மாறினா பாதையை விட்ரு. எஞ்சினை மட்டும் எடுத்து வீட்டுக்குள்ள வச்சிரு.”

மூன்றாம் நாள் மாலை கடலின் சத்தம் மாறியது. எனக்குக் கேட்கத்தான் செய்தது. கையில் இருந்த கதைப் புத்தகத்தை முடித்துவிட்டு எடுக்கலாம் என்று இருந்தேன். பிறகு மறந்தேன், உறங்கிவிட்டேன். இரவில் அலை தடுப்புச் சுவரைத் தாண்டி வந்தது. விடியற்காலையில் முற்றம் முழுவதும் ஈர மணல். பூவரசுக்கு அடியில் இருந்த சிறு கொட்டகை சாய்ந்து கிடந்தது. எஞ்சின் பாதிக்குமேல் மணலில் புதைந்திருந்தது.

அதை எடுத்துப் பழந்துணியால் துடைத்தேன். வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. மின்கலத்தைக் கழற்றிவிட்டு, ஒரு சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். பாட்டா திரும்பி வந்ததும் கேட்டார்: “எஞ்சின் எங்க மக்களே?”

“பத்திரமா இருக்கு பாட்டா” என்றேன்.

அவர் நம்பினார். மழைக்காலம் ஆதலால் வண்டி ஓட்டும் பேச்சும் எழவில்லை. ஆனால் எனக்கு உறக்கம் இல்லை. என் தலைக்கு நேர் கீழே அது கிடந்தது. பள்ளியில் காலை வழிபாட்டில் கண்ணை மூடினால் அந்தச் சாக்கு மூட்டைதான் தெரிந்தது. பதினோராம் நாள், எதையோ தேடிக் குனிந்த பாட்டா தாமே அதை இழுத்து எடுத்தார்.

பித்தளை முழுவதும் பச்சைக் களிம்பு. இரும்பு அச்சுகள் துருவேறிச் சக்கரங்கள் அசைய மறுத்தன. மோட்டார் இறுகிப்போயிருந்தது. பாட்டா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வாளி நல்ல தண்ணியில முக்கி எடுத்திருப்பேன் மக்களே. உப்புத் தண்ணி கெடுக்கல்ல. பதினோரு நாள்தான் கெடுத்தது” என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. கடலுக்குப் போய் வந்த எஞ்சினை அப்பா நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்தவள் நான். உப்பு ஈரத்தோடு கிடந்தால் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதை எங்கள் ஊரில் சிறு பிள்ளையும் அறியும். அறிந்தும் நான் கழுவவில்லை. கழுவினால் எல்லாரும் கேட்பார்களே என்று பயந்தேன். எஞ்சினைக் காப்பாற்றுவதைவிட என்னைக் காப்பாற்றிக்கொள்வதையே பெரிதாக எண்ணினேன்.

பாட்டா திருப்புளியை எடுத்து ஓர் ஆணியைக் கழற்றப் பார்த்தார். கை நடுங்கியது. மூன்று முறை முயன்று, திருப்புளியைக் கீழே வைத்தார். நான்கு ஆண்டு உழைத்த அந்தக் கைகளால் இனி அதைச் செய்ய இயலாது என்பது அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தபின் அவர் திருப்புளியை என் பக்கம் நகர்த்தி, “சரி, இனி நீ கழத்து” என்றார்.

அன்று தொடங்கிய வேலை ஆறு மாதம் நீடித்தது. பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் பாட்டாவின் பக்கத்தில் அமர்வேன். ஒவ்வொரு பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவினேன். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தேன். புது அச்சுகளும் புது மோட்டாரும் வாங்க, என் உண்டியலில் இருந்ததைக் கொடுத்தேன். தகடுகளை ஈயம் வைத்து ஒட்டும்போது முதலில் ஒன்றும் நிற்கவில்லை; தொட்டதும் உதிர்ந்தது. விரல் சுட்டதுதான் மிச்சம். “ஈயத்தைச் சுடாதே, பித்தளையைச் சுடு, ஈயம் தன்னால ஓடி வரும்” என்றார் பாட்டா. அப்படியே செய்தேன், ஓடி வந்தது. அவர் கை எதையும் தொடவில்லை. கண் மட்டும் என் விரலோடு வந்தது.

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் பாதையை மீண்டும் போட்டோம். பூவரசுக்கு அடியில் குடில் கட்டினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வந்து நின்றார்கள். நான் விசையைத் தட்டினேன். எஞ்சின் ஒருமுறை குலுங்கி, மெல்ல நகர்ந்து, குடிலைக் கடந்து, தென்னைகளைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பாட்டா கையில் கடிகாரம் வைத்திருந்தார். “இரண்டரை நிமிஷம். சரியாத்தான் இருக்கு” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்று எஞ்சினின் வலப்பக்கத் தகட்டில் ஓர் ஒட்டு கரடுமுரடாக இருக்கும். அது நான் வைத்த முதல் ஒட்டு. அரத்தால் தேய்த்துச் சீராக்கவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்று பாட்டா சொல்லிவிட்டார். ஆனி பிறந்தால் இப்போது நானே பாதையைக் கழற்றி, கழுவி, உள்ளே அடுக்கிவிடுகிறேன்.

தோழியரே, தோட்டத்தில் இரயில் ஓட்டுவது பணக்காரருக்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு அன்று. பழைய பலகையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் எங்கள் மணலிலும் அது ஓடும். ஆனால் வானத்துக்குக் கீழே வைக்கும் எதையும் நாள்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறும் அப்படித்தான். நேர்ந்த அன்றே சொல்லிவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் தீரும். மூடி வைத்தால் அது உள்ளே இருந்து அரிக்கும். இதைப் படிக்கும் யாரேனும் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு மூட்டையை ஒளித்து வைத்திருந்தால், இன்று மாலையே அதை வெளியே எடுத்துவிடுங்கள். நீலகிரி எஞ்சினைப் போல, நம்மைப் பின்னால் நின்று தாங்கித் தள்ளிவிடும் பெரியவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள்.

– பதினோராம் வகுப்பு மாணவி