அக்னி வசந்தமும் பல்கேரியாவும்

வசந்தம்னா பூ, குயில், தென்றல்னு பாட்டு எழுதறவங்க யாரும் எங்க பக்கம் வந்ததில்லைன்னு நினைக்கிறேன். பெரணமல்லூரைச் சுத்தி, ஆரணி, செய்யாறு, வந்தவாசி வரைக்கும் வசந்தம்னா நெருப்புதான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பேரே அக்னி வசந்தம்!

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா... கொடி ஏத்தி, காப்பு கட்டி, பகல்ல கோயில்ல பாரதம் சொல்லுவாங்க. வில்லிபாரதம்தான் அடிப்படை. பகல்ல கேட்ட கதையே ராத்திரி விடிய விடிய தெருக்கூத்தா வரும். கடைசி நாள் காலையில படுகளம், சாயங்காலம் தீமிதி.

இதைச் சுத்தி இருக்கற நம்பிக்கைகள் கொஞ்சநஞ்சமில்லை. பாரதத்தை வீட்டுல படிக்கக் கூடாது, குடும்பத்துல சண்டை வரும். கோயில்ல படிக்கலாம். அதுலயும் விராட பர்வம் படிச்சா மழை வரும். காப்பு கட்டினவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அர்ச்சுனன் தபசு அன்னிக்கு, கூத்தாடி உயரமான மரத்துல பாடிக்கிட்டே ஏறி உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாம் வீசுவார். குழந்தை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோட கீழே காத்திருந்து மடியில ஏந்துவாங்க. படுகளத்துல களிமண்ணால செஞ்ச பிரம்மாண்ட துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். அவன் தொடையில பீமன் அடிச்சதும்தான் திரௌபதி கூந்தலை முடிவாள். அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா விளைச்சல் பெருகும்னு பல ஊர்ல நம்பறாங்க.

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும்தான்னு நினைச்சா, பல்கேரியாக்காரங்க சிரிப்பாங்க. அங்கே மே 6 புனித ஜார்ஜ் நாள். விடியக்காலைப் பனித்துளியில முகம் கழுவினா வருஷம் முழுக்க ஆரோக்கியமாம். அதைவிட ஆச்சரியம், ஸ்ட்ராஞ்சா மலைப் பக்கம் பல்கரி கிராமத்துல ஜூன் 3 ராத்திரி நடக்கற தீமிதி. புனிதர்கள் கான்ஸ்டன்டைன், ஹெலினா நாள் அது (பழைய காலண்டர்ப்படி மே 21). அந்தப் புனிதர்களோட படத்தைக் கையில ஏந்திக்கிட்டு, மேளமும் துருத்திக் குழலும் முழங்க, வெறுங்காலோட தணல்ல ஆடறாங்க. மிதிக்கறவங்களுக்கு நெஸ்டினாரின்னு பேரு. 2009-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்துடுச்சு. கரகத்துக்குப் பதிலா படம், பம்பைக்குப் பதிலா வேற மேளம். அவ்வளவுதான் வித்தியாசம்!

சரி, கால் ஏன் வேகறதில்லை? மரக்கரி வெப்பத்தை மெதுவாத்தான் கடத்தும். மேல படிஞ்ச சாம்பல் இன்னும் தடுக்கும். ஒவ்வொரு அடியும் தணல்ல படறது ஒரு நொடிக்கும் குறைவு. தயங்கி நின்னாலோ, தடுக்கி விழுந்தாலோ, கரி அடர்த்தியாக் கிடந்தாலோ யாரா இருந்தாலும் சுடும்.

என் பிரச்சினை இங்கேதான். இந்த விளக்கம் தெரிஞ்சதால தீமிதி மேல எனக்கு மரியாதை குறையலை. மழை வேணும்னு ஊரே கூடி உட்கார்ந்து கதை கேட்கறதுல என்ன தப்பு? ஆனா கால் வெந்து உட்கார்ந்தவரைப் பார்த்து "விரதத்துல ஏதோ குறை" அப்படின்னு சொல்றாங்க பாருங்க, அதுதான் தாங்கலை. வலி ஒரு பக்கம், பழி ஒரு பக்கம். தபசு மரத்துப் பழத்தைச் சாப்பிட்டும் குழந்தை பிறக்காத பெண்ணுக்கும் இதே கதிதான். பிறந்தா அம்மன் அருள். பிறக்கலைன்னா இவ ராசி! மரத்து மேல ஏறினவரையோ, கீழே இவ புருஷனையோ யாரும் ஒரு கேள்வி கேட்கறதில்லை.

இத்தனைக்கும் இது யாரோட திருவிழா? சபை நடுவுல நியாயம் கேட்டும் பதில் கிடைக்காத ஒருத்தியோடது. நம்பிக்கை ஆறுதல் கொடுக்கற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும். குத்தம் சொல்ல ஆரம்பிச்சா, அந்த இடத்துல மட்டும் நிறுத்திடலாம். தெருக்கூத்தை இல்லை, அந்தப் பேச்சை.

உங்க ஊர்ல எப்படி? தீ மிதிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, கேட்கறேன்.