உறங்கும் நண்பரின் ஓவியம்

நாமும் நண்பர் இருவரும் சிறு கணினி விளையாட்டொன்றை ஆக்கினோம். ஓவியர் ரொறன்ரோவில், இசையமைப்பவர் இலண்டனில், நாமோ யாழ்ப்பாணத்தில். ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை.

ஸ்டீம் தளத்திற் காட்ட 90 வினாடி முன்னோட்டம் வேண்டியிருந்தது. அதன் முகப்பில், ஓவியர் 3 கிழமை வரைந்த விடியற்காட்சி ஆறுதலாக விரிந்தது. பார்ப்பவர் அத்துணை பொறுப்பாரோ? விளையாட்டையன்றோ முதலிற் காண விரும்புவர்! ஒரு நண்பகலிற் காட்சியை வெட்டிவிட்டோம். கோடையில் ரொறன்ரோ எமக்கு 9½ மணி நேரம் பின். ஓவியர் நல்ல உறக்கத்திலிருந்தார்.

2 நாள் மறுமொழியில்லை. மூன்றாம் நாள் நாமே தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டோம்.

“வெட்டியது சரி. சொல்லாமல் வெட்டியதுதான் பிழை” என்றார்.

விடியல் இறுதி 5 வினாடிகளில் இடம்பெற்றது. இசையும் அங்கே அடங்கி முடிந்தது. அன்று தொட்டு, உறங்குபவரின் வேலையில் நாம் கைவைப்பதில்லை.